முதல் டிகாஷன் யாருக்கு?

என் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கூடவே, வீட்டுக்குப் போய்ச் சும்மா இருங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் அந்த அலுவலகத்துக்கு ஆயுசுக்கும் நன்றியோடு இருந்திருப்பேன். அதைச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவர் கண்காணிப்பாளராக இருந்தவர். கீழே இருப்பவர்கள் எழுதிக்கொண்டு வருகிற கோப்பில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். காலமெல்லாம் அதைச் செய்து பழகிய மனிதருக்குத் திடீரென்று கோப்பும் இல்லை, திருப்பி அனுப்ப ஆளும் இல்லை. பகலில் நானும் வீட்டில் இருப்பதில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறிச் செம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை வறளக் கத்திவிட்டு, சாயங்காலம் திரும்புகிற ஆசிரியை நான். ஆக, அவர் கண்ணில் பட்டது அடுப்படி. அடுப்படியிலும் குறிப்பாக என் காபி.

அந்தக் காபியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம் வந்தது என்று புரியாது.

அவர் பிறந்த வீட்டில் காபிக்கு ஒரு சட்டம் உண்டு. ஃபில்டரில் முதலில் இறங்குகிற கெட்டி டிகாஷன் ஆண்களுக்கு. அதே தூளின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குகிற இரண்டாம் டிகாஷன் பெண்களுக்கு. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் கீழே வடிகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கல்யாணமான மறுநாள் காலையில் என் மாமியார் என் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். நிறம் இருந்தது, சூடு இருந்தது, காபி மட்டும் இல்லை. நான் எங்கள் அம்மா வீட்டில் நல்ல காபி குடித்து வளர்ந்தவள். பக்கத்து அறையில் மாமனார் குடித்துக்கொண்டிருந்த காபியின் வாசனை என் மூக்கு வரைக்கும் வந்தது. புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். உள்ளே எரிந்தது. மாமியாரும் அதே தண்ணியைத்தான் குடித்தார், முகம் சுளிக்காமல் குடித்தார் என்பதைப் பார்த்தபோது இன்னும் எரிந்தது.

திண்டுக்கல்லுக்குத் தனிக்குடித்தனம் வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்தச் சட்டத்தை நானே நிறைவேற்றிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் டம்ளர் மாறிவிட்டது. அவர் என்னுடையதைக் குடித்துவிட்டு, "இன்னைக்குக் காபி ஜோர்" என்றார். நான் கையில் அவருடைய முதல் டிகாஷனோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தேன். எங்கள் அம்மா வீட்டுக் காபி. அன்றோடு அந்த வீட்டுச் சட்டம் முடிந்தது. அவருக்குத்தான் தெரியாது.

அன்றிலிருந்து முதல் டிகாஷன் எனக்கு, இரண்டாவது அவருக்கு. இரண்டாம் டிகாஷனைத் தாராளமாக ஊற்றி, பாலைக் குறைத்து, சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டி, டபராவில் உயரத் தூக்கி ஆற்றி நுரை கட்டிக் கொடுத்தால் போதும். நிறத்தைச் சிக்கரி பார்த்துக்கொள்ளும். நுரை மீசையில் ஒட்டினால் அவருக்கு அது முதல்தரக் காபி. ஒருநாள்கூட இது என்ன என்று கேட்டதில்லை. எனக்கும் ஒருநாள்கூடக் குற்ற உணர்ச்சி வந்ததில்லை, இப்போதும் வரவில்லை.

எனக்கு அந்த டம்ளரை விடவும் முக்கியம் அதைக் குடிக்கிற நேரம். மாதா கோயிலில் காலைப் பூசைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். டிகாஷன் இறங்கியிருக்கும். பாலைக் காய்ச்சி, காபியைக் கலந்துகொண்டு, பின்வாசல் படியில் போய் உட்காருவேன். எதிரில் துணி துவைக்கிற கல், ஒரு கறிவேப்பிலைச் செடி, அதற்கு மேல் மதில். பார்க்க ஒன்றும் கிடையாது. அதுதான் வேண்டும். மணி அடித்துவிட்டால் அதற்குப் பிறகு நான் யாருக்கோ மனைவி, யாருக்கோ டீச்சர், யாருக்கோ அம்மா. ராத்திரி படுக்கிற வரை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் எதையாவது கேட்கத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு டம்ளர் காலியாகிற வரைக்கும் மட்டும் நான் யாருக்கும் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தவக்காலம் வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து எதை விட்டு ஒறுத்தல் இருக்கப்போகிறார் என்று அவர் அறிவிப்பார். ஊரில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார். காபியை விட இவரால் முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஈஸ்டர் வரைக்கும் முதல் டிகாஷன் வேண்டாம், பொம்பளைகள் குடிக்கிற இரண்டாம் டிகாஷன் போதும். ஆண்டவருக்காக. இதைப் பங்குச் சாமியாரிடமும் சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறார். நான் வருசம் பூராவும் செய்வதாக அவர் நம்பிக்கொண்டிருந்த காரியத்தைத் தாம் நாற்பது நாள் செய்தால் அது தவம். அந்த நாற்பது நாளும் எப்போதும் போடுகிற அதே காபியைத்தான் கொடுப்பேன். முதல் வாயிலேயே முகம் கோணும். "கழனித் தண்ணியா இருக்கு" என்பார். பெருமூச்சு விட்டுக்கொண்டு, சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் போலக் குடித்து முடிப்பார். ஈஸ்டர் காலையில் அதே தூள், அதே பால், அதே கை, அதே இரண்டாம் டிகாஷன். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடுவார். "இதுல்ல காபி. நாக்கு செத்துக் கிடந்துச்சு" என்பார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டுதான் அவர் ஓய்வுக்குப் பிறகு காபி ஆராய்ச்சியில் இறங்கினார்.

தொடங்கி வைத்தவள் எங்கள் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அப்பா சோர்ந்து போய்விடக் கூடாதாம், ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். பிரித்தால் ஒரு கண்ணாடிக் கூம்பு, அதில் வைக்கக் காகித வடிகட்டி, கையால் சுற்றி அரைக்கிற ஒரு மிஷின், கொக்கு மூக்கு வைத்த கெட்டில், நகைக்கடையில் இருப்பது போல ஒரு குட்டித் தராசு. அதோடு போனில் வீடியோ பார்க்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து வீட்டில் எந்நேரமும் யாரோ ஒரு தாடிக்காரப் பையன் காபியைப் பற்றி இங்கிலீஷில் உபதேசம் செய்துகொண்டிருந்தான். நான் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மேசையில்தான் அந்தப் போனைச் சாய்த்து வைப்பார்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. காபி போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைக் கழுவ வேண்டுமாம். கழுவட்டும். குடத்து நல்ல தண்ணீரை எடுத்துக் கழுவினார். எங்கள் ஊரில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். குழாயில் நல்ல தண்ணீர் விடுகிற அன்று வீட்டிலிருக்கிற குடம், அண்டா, குக்கர் வரைக்கும் நிரப்பி வைத்து, அடுத்த முறை விடுகிற வரைக்கும் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்போம். அதை எடுத்து ஒரு காகிதத்துக்குத் தலைமுழுக்காட்டியிருக்கிறார். கேட்டால், காகித வாசனை போக வேண்டும், இல்லாவிட்டால் காபி கெட்டுவிடும் என்றார். கழுவின தண்ணீரையாவது ஒரு பாத்திரத்தில் பிடித்தாரா என்றால் அதுவும் இல்லை, நேரே தொட்டியில்.

தண்ணீரைப் பற்றி நான் கத்தியதும் தண்ணீரிலேயே இறங்கிவிட்டார். உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒரு கருவி வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய் எல்லோர் குடத்திலும் முக்கி எண் பார்த்துச் சொன்னார். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்களே, அதே தோரணை. எதிர்வீட்டுத் தண்ணீருக்கு எண் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டுக்காரி என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை.

சரி, இத்தனை பாட்டுக்கும் பிறகு அந்தக் கூம்பிலிருந்து இறங்கியது என்ன? புளித்த கறுப்புத் தண்ணீர். பால் சேர்க்கக் கூடாதாம், சர்க்கரை சேர்க்கக் கூடாதாம். ஒரு வாய் குடித்துவிட்டு, ஆரஞ்சுப் பழ வாசனை வருகிறது பார் என்றார். ஆரஞ்சு வாசனை வேண்டுமென்றால் மார்க்கெட்டில் ஆரஞ்சே வாங்கலாமே என்றேன். அவர் குடித்தது அந்த ஒரு வாய்தான். மீதியை நான் பார்க்காத நேரம் கறிவேப்பிலைச் செடியில் ஊற்றினார். நல்லவேளை, செடி பிழைத்துக்கொண்டது.

அடுத்தது வறுவல். தாண்டிக்குடி மலைக்குப் போய் வந்த ஒரு நண்பர் பச்சைக் காபிக் கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். கொட்டை நல்ல கொட்டைதான். அதை இவர் எடுத்து வறுத்த சட்டி இருக்கிறதே, அது நான் மீன் பொரிக்கிற சட்டி. புகை கிளம்பி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய், எதிர்வீட்டுக்காரி கோபத்தை மறந்து, தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். காபியில் நெத்திலி வாடை அடித்தது. இவர் முகர்ந்து பார்த்துவிட்டு, மலைக் கொட்டைக்கே உள்ள தனி மணம் இது என்றார். நானும் எதிர்வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்தோம். அந்த ஆராய்ச்சியால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

அது வரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆராய்ச்சி எல்லாம் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் நடந்தது. என் பித்தளை ஃபில்டர் பக்கம் அவர் வரவில்லை, என் விடியற்காலை எனக்கே இருந்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவர் கடைசியாக வந்து சேர்ந்த இடம் அந்த ஃபில்டர்தான். ஒருநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சொன்னார். நம் ஃபில்டர்தான் உலகத்திலேயே அறிவியல்பூர்வமான கருவியாம். தூளை இப்படி லேசாக அழுத்த வேண்டுமாம், குடைத்தட்டை இப்படி வைக்க வேண்டுமாம், தண்ணீர் தளதளவென்று கொதித்து அடங்கியதும் சுற்றி ஊற்றி மூடிவிட வேண்டுமாம். இதையெல்லாம் நான் அவர் கண்ணெதிரே தினமும் செய்துகொண்டிருந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டை அடைத்துக்கொண்டால் ஃபில்டரை அடுப்புத் தீயில் காட்டித் தட்டி எடுப்பேன், அதற்கும் தடை போட்டார். ஊக்கு வைத்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாக உத்தரவு வந்தது.

"இனிமே காலைக் காபி என் பொறுப்பு. நீ செத்த நேரம் கூடத் தூங்கு."

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது. மறுநாள் நான் எழுந்து போனால் அடுப்படியில் விளக்கு எரிகிறது, போனில் தாடிக்காரப் பையன் பேசுகிறான், இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வா, வா, உட்கார் என்றார். பின்வாசல் படிக்குப் போகப் பார்த்தேன். அங்கே எங்கே போகிறாய், டிகாஷன் இறங்குவதைப் பார் என்றார். பார்த்தேன். தூள் ஏன் உப்புகிறது என்று விளக்கம் சொன்னார். கேட்டேன். மணி அடித்தது. ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. இரண்டாம் டிகாஷன்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. முதலில் இறங்கியதை எடுத்துத் தமக்குக் கலந்துகொண்டார், மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதை எனக்குக் கலந்தார். அவர் அம்மா செய்ததை அவர் கை செய்தது. அதே வாயால், இரண்டாம் டிகாஷனில் கசப்பும் சக்கையும்தான் இருக்கும், அதை மனிதன் குடிக்கக் கூடாது என்று அந்தப் பையன் சொல்வதை எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். இதைச் சொல்லும்போது என் கையில் அந்த டம்ளர் இருந்தது. அவருக்குக் கண் இல்லையா? கண் இருந்தது, என் டம்ளரின் மேல் அது படவில்லை.

இன்னொரு ஆச்சரியம். தாம் போட்ட முதல் டிகாஷன் காபியைத் தாமே பாதிதான் குடித்தார். பால் சரியில்லை என்று கன்னிவாடியிலிருந்து பால் கொண்டுவருகிறவரைப் பிடித்துச் சண்டை போட்டார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? எதிர்வீட்டுக்காரி சொன்னாள், பூசையில் பார்த்த பெண்கள் சொன்னார்கள், செம்பட்டி பஸ்ஸில் என்னோடு வருகிற டீச்சர்கள் சொன்னார்கள். "ஒங்களுக்கென்ன டீச்சர், குடுத்து வச்சவுக. காபி போட்டுக் கையில குடுக்குற ஆம்பள யாருக்குக் கெடைக்கும்?" நான் இத்தனை காலம் போட்டுக் கொடுத்தபோது, கொடுத்து வைத்தவர் என்று அவரைப் பார்த்து ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் போட்ட ஒரு டம்ளர் காபிக்குப் பிறகு அடுப்படி கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களும் யாரும் இல்லை. தராசு, கெட்டில், மூன்று கரண்டி, இரண்டு பால் பாத்திரம், பொங்கி வழிந்த அடுப்பு. கழுவுவது யார் பொறுப்பு என்று உத்தரவில் இல்லை.

கொஞ்ச நாள் பொறுத்தேன். பிள்ளைகளிடம் எரிந்து விழ ஆரம்பித்தேன். ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வகுப்பில் ஒரு பிள்ளையை அழ வைத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து நானும் அழுதேன். காபிக்காக ஒரு பொம்பளை அழுவாளா என்று எனக்கே அவமானமாக இருந்தது. ஆனால் அழுகை காபிக்காக இல்லை. அந்தப் படி எனக்கு வேண்டும். பேசுகிற ஆள் இல்லாத அந்தப் படி.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். காலையில் முதல் மணி அடிக்கிற வரைக்கும் அடுப்படியை எனக்கு விடுங்கள், அதற்குப் பிறகு நீங்கள் எரித்தாலும் சரி, இடித்தாலும் சரி என்றேன். அவர் சிரித்தார். கீழே இருப்பவர்கள் விடுப்பு கேட்கும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"காபி போட நாக்கு வேணும். முதல் டிகாஷனுக்கும் ரெண்டாவதுக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியுமா? என் கண்ணக் கட்டி விடு, நான் சொல்லுவேன்."

நான் கேட்டேன், "சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா காலையில அடுப்படிப் பக்கமே வரல. சொல்லிட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன். என் விடியற்காலையை அந்த நாக்கை நம்பிப் பந்தயம் வைத்தேன். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஒருவேளை அந்தப் பையனின் உபதேசத்தில் நாக்குத் திருந்தியிருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரோடு காலை நடை போகிற நண்பர்கள் வந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். அதில் தலைமையாசிரியராக இருந்த ஒருவர் நடுவர். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். காபி போட்டது நான். பரிசோதனை நேர்மையாக இருக்க வேண்டும், நீயே போடு என்று அவர்தான் சொன்னார்.

நான் ஒரு தந்திரமும் செய்யவில்லை. முதல் டிகாஷனை எனக்கு எப்படிக் கலப்பேனோ அப்படிக் கலந்தேன். சர்க்கரை பேருக்கு. இரண்டாம் டிகாஷனை அவருக்கு எப்படிக் கலப்பேனோ அப்படிக் கலந்தேன். நுரை டம்ளர் விளிம்புக்கு மேல் நின்றது. இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். டபராவில் கொஞ்சம் சிந்தியது.

முதல் டிகாஷனைக் குடித்தார். முகம் கோணியது. அடுத்ததைக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். நுரை மீசையில் ஒட்டியது. டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துண்டு கட்டிய கண்ணோடு ஒரு சொற்பொழிவே ஆற்றினார். அது சக்கை, வெறும் கசப்பு, நாக்கில் ஒட்டவே இல்லை. இதுதான் முதல் டிகாஷன். இந்தக் கெட்டி, இந்த மணம், இது தம் வீட்டில் சின்ன வயதிலிருந்து குடித்து வளர்ந்த ருசி, இதை மறக்க முடியுமா என்றார். நண்பர்கள் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன டீச்சர், சார் சொன்னது சரிதானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் துண்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஓய்வு பெற்றதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் அந்த நடைக் கூட்டம் இவரை ரெண்டாம் டிகாஷன் என்றே கூப்பிடும். வாய் வரைக்கும் வந்தது.

"அவுக தெனமும் குடிக்கிறது அதுதான் சார்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மறுபடி கை தட்டினார்கள். எல்லோருக்கும் காபி கொடுத்து, முறுக்கு கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அத்தோடு விட்டிருப்பேனோ என்னவோ. அவர் விடவில்லை. நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து சாய்ந்து நின்றார். பாத்தியா, நாக்குன்னா இது நாக்கு, நாளையிலிருந்து நீ வாயைத் திறக்கக் கூடாது, பந்தயம் பந்தயம்தான் என்றார். இவ்வளவு காலம் நீ போட்ட காபியை நான் எப்படிச் சகித்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மாதாவே, அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குழாயை மூடினேன். அடுப்பு மேடையில் இரண்டு கிண்ணத்தில் டிகாஷன் மீதி இருந்தது. ஒன்று கருகருவென்று, ஒன்று செம்மண் நிறத்தில். செம்மண் நிறக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"ஜெயிச்சது இதுங்க. ரெண்டாவது. இன்னைக்கு மட்டும் இல்ல, இத்தனை வருசமா நீங்க குடிக்கிறது இதுதான். முதல் டிகாஷன் நான் குடிச்சிட்டு இருந்தேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நம்பவில்லை, அதனால் கோபப்படவில்லை. ஒரு கரண்டியை எடுத்து இதில் ஒரு சொட்டு, அதில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலக் கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நக்கினார். முகத்தில் இருந்த வெற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

"அப்ப ஈஸ்டர் அன்னைக்கு?" என்று கேட்டார்.

"அன்னைக்கும் அதுதான்."

"தவக்காலத்துல?"

"அதுவும் அதுதான்."

அவர் எழுந்து போய் முன் அறையில் பேப்பரை விரித்துக்கொண்டார். அது முந்தின நாள் பேப்பர். அன்று முழுக்க வீட்டில் தாடிக்காரப் பையனின் குரலும் கேட்கவில்லை.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு எழுந்தேன். அடுப்படியில் விளக்கு எரியவில்லை. தராசும் கண்ணாடிக் கூம்பும் பெட்டிக்குள் போயிருந்தன. என் ஃபில்டர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவர்தான் கழுவியிருக்க வேண்டும், மூடியில் தூள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், தூங்கினால் குறட்டை கேட்கும்.

தூள் போட்டு வெந்நீர் ஊற்றி, இறங்கிய முதல் டிகாஷனைக் கலந்துகொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். துவைக்கிற கல், செடி, மதில். ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. நிதானமாகக் குடித்து முடித்தேன். மணி அடித்தது.

எழுந்து உள்ளே வந்தபோது மனசு இளகிவிட்டது. பாவம் என்று தோன்றியது, என்ன செய்வது. இந்த மனிதர் இத்தனை வருசத்துக்கு அப்புறம் ஒரு தடவையாவது என் கையால் நல்ல காபி குடிக்கட்டும் என்று மீதி இருந்த முதல் டிகாஷனை முழுக்க ஊற்றி, நல்ல பாலாக விட்டு, பதமாகக் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தவக்காலத்து முகம் வந்தது.

"என்னது இது?"

"முதல் டிகாஷன்."

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"கசக்குது. எனக்கு எப்பவும் போடுறதையே போட்டுக் குடு."

வாங்கிக்கொண்டேன். நல்ல காபியைக் கீழே கொட்ட எனக்கு மனசு வராது. அவருக்கு இரண்டாவது டிகாஷன் இறங்குகிற வரைக்கும் மறுபடி பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து அதையும் நானே குடித்தேன்.